பின்னணியில் ஓடுவது யார்?

(அம்பத்தூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சின்னது. உங்கள் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருக்கிற கைபேசியில், திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடுகிற செயலிகள். அவற்றை மூட வேண்டுமா, வேண்டாமா? மூடினால் சார்ஜ் மிச்சமாகுமா? மூடாவிட்டால் போன் மெதுவாகிவிடுமா? இவற்றுக்கு விடை சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் விடை தேடிப் போகிற வழியில் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று நம்மை மறித்து நிற்கும். நாம் பார்க்காத நேரத்தில் நம் போனில் வேலை செய்ய யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம்? அந்தக் கேள்வியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதே என் ஆசை.

முதலில் நம் பழக்கத்தைப் பார்ப்போம். அம்பத்தூர் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருப்பவர்களைக் கவனியுங்கள். வாட்ஸ்அப் பார்க்கிறார்கள். யூடியூப் பார்க்கிறார்கள். வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்க்கிறார்கள். வண்டி வந்ததும், போனைப் பையில் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்கிறார்கள். கடைசியாகத் திறந்த செயலிகளின் வரிசையை வரவழைத்து, கட்டை விரலால் ஒவ்வொன்றாக மேலே தள்ளுகிறார்கள். எல்லாம் போனதும் முகத்தில் ஒரு நிம்மதி. “எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணியாச்சு, இனிமே சார்ஜ் நிக்கும்.”

நிற்குமா?

நிற்காது, அன்பர்களே. சொல்லப்போனால், சற்றே கூடுதலாகச் செலவாகும். ஏன் என்று சொல்கிறேன்.

கைபேசியில் ராம் என்கிற நினைவகம் இருக்கிறது. நீங்கள் ஒரு செயலியைத் திறந்தால் அது சேமிப்பகத்திலிருந்து ராமுக்கு ஏற்றப்படுகிறது. பிறகு வேறு செயலிக்குப் போனால் முதல் செயலி ராமிலேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. ஐபோனில் அதை அப்படியே நிறுத்தி வைக்கிறார்கள். அண்மைக்கால ஆண்ட்ராய்டு போன்களில் உறைய வைக்கிறார்கள். ராமில் இடம் பிடித்திருக்கிறதே, அதற்குச் சார்ஜ் போகாதா என்று கேட்பீர்கள். ராம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அதற்கு ஆகும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். காலி ராமால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. அது நிறைந்திருப்பதற்காகவே வைத்த இடம்.

சரி, அதைத் தள்ளி மூடினால் என்ன ஆகிறது? பத்து நிமிடம் கழித்து வாட்ஸ்அப்பை மறுபடி திறக்கிறீர்கள். அது ராமில் இல்லை. போன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சேமிப்பகத்திலிருந்து எடுத்து, ராமில் ஏற்றி, தகவல்களைத் தேடிச் சேர்த்து, முதல் திரையை வரைய வேண்டும். இத்தனைக்கும் போனின் பிராசஸர் உழைக்க வேண்டும். பிராசஸர் உழைத்தால் சார்ஜ் குறையும்.

தொழிற்பேட்டைத் தோழர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. சிஎன்சி மெஷினில் ஒரு ஜாப் ஓடுகிறது. அந்த ஜாபுக்குச் செட்டிங் போட எவ்வளவு பாடு! ஜா மாற்றி, டூல் பொருத்தி, ஆஃப்செட் கொடுத்து, முதல் பீஸை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்த பிறகுதான் உற்பத்தி. சாப்பாட்டு நேரம் வந்தது. மெஷின் நிற்கிறது. மதியம் அதே ஜாப்தான் என்று தெரிந்தும், செட்டிங் முழுவதையும் கழற்றி ஸ்டோரில் வைத்துவிட்டு யாராவது சாப்பிடப் போவார்களா? போனால் சூப்பர்வைசர் விடுவாரா? மெஷினில் செய்யாத தவறைப் போனில் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறோம்.

இது என் சொந்தக் கருத்தா? இல்லை. அந்த மென்பொருளைக் கட்டியவர்களே சொன்னது. 2016 மார்ச்சில் ஐபோன் வைத்திருந்த ஒருவர் ஆப்பிள் நிறுவனத் தலைவர் டிம் குக்குக்கு மின்னஞ்சல் எழுதினார். நீங்கள் அடிக்கடி செயலிகளை மூடுவது உண்டா, பேட்டரிக்கு அது தேவையா என்று இரண்டு கேள்விகள். விடை எழுதியவர் அந்நிறுவனத்தின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரேக் ஃபெடரிகி. இரண்டு கேள்விக்கும் இரண்டு ‘இல்லை’. அவ்வளவுதான் பதில். அதே நாட்களில் கூகுளில் ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பாக இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் பேசினார். மூடுவதால் நிலைமை சற்று மோசமாகவும் கூடும், சரியானதைச் செய்யும்படிதான் அமைப்பே கட்டப்பட்டிருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். போட்டியாளர்களான இரு நிறுவனங்கள் ஒரே விடையைச் சொல்கின்றன என்றால் நாம் கொஞ்சம் நின்று கேட்க வேண்டாமா?

பிறகு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கும் நியாயமான காரணம் உண்டு. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் எச்டிசி ட்ரீம். அதில் ராம் 192 எம்பி. இன்று சாதாரணமாக விற்கிற 6 ஜிபி போனில் அதைப்போல் 32 மடங்கு இருக்கிறது. அந்த நெருக்கடிக் காலத்தில் டாஸ்க் கில்லர் என்ற பெயரில் செயலிகள் வந்தன; மற்றச் செயலிகளை நிறுத்துவதே அவற்றின் தொழில். மக்கள் நம்பினார்கள், போட்டுக்கொண்டார்கள். 2010-இல் ஆண்ட்ராய்டு 2.2 வந்தபோதே கூகுள் அவற்றின் அதிகாரத்தைக் குறைத்துவிட்டது. ஆனால் விரலுக்குப் பழகிய பழக்கம் மட்டும் குறையவில்லை.

அதற்குப் பிறகு அமைப்பே எத்தனை பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது பாருங்கள். 2015-இல் ஆண்ட்ராய்டு 6 வந்தது. போன் சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடந்தால் பின்னணி வேலைகளை ஒத்திப்போட்டு, இடைவெளி விட்டு மொத்தமாகச் செய்ய வைத்தார்கள். 2017-இல் ஆண்ட்ராய்டு 8. பின்னணியில் செயலிகள் தங்கள் இஷ்டத்துக்கு ஓடுவதற்கு வரம்பு போட்டார்கள். 2018-இல் ஆண்ட்ராய்டு 9. எதை அடிக்கடி திறக்கிறீர்கள், எதை அபூர்வமாகத் திறக்கிறீர்கள் என்று தரம் பிரித்து, அபூர்வமானதற்கு வாய்ப்பைக் குறைத்தார்கள். ராம் போதாவிட்டால் எதை முதலில் வெளியேற்றுவது என்பதற்கும் வரிசை இருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பதைத் தொட மாட்டார்கள். பாட்டு, வரைபடம், அழைப்பு என்று உங்களுக்காக ஓடிக்கொண்டிருப்பதையும் இயன்றவரை காப்பாற்றுவார்கள். நெடுநேரம் திறக்காமல் கிடப்பதுதான் முதலில் வெளியே போகும். இதையெல்லாம் ஒரு நொடிக்குள் கணக்குப் போட்டு முடிக்கிற அமைப்பைவிட நம் கட்டை விரலுக்குக் கூடுதலாக என்ன தெரிந்துவிடப் போகிறது?

அப்படியென்றால் மூடவே கூடாதா? மூடலாம், காரணம் இருந்தால். செயலி உறைந்து நின்றுவிட்டதா, மூடுங்கள். ஆவடியில் இறங்கிவிட்ட பிறகும் வரைபடம் வழி சொல்லிக்கொண்டே இருக்கிறதா, மூடுங்கள். போன் காரணமின்றிச் சூடாகி ஒரே ஒரு செயலி சார்ஜை உறிஞ்சுவது தெரிகிறதா, மூடுங்கள். நோய்க்கு மருந்து சரி. பசிக்கும் நேரமெல்லாம் மருந்து தின்பது சரியில்லை.

அப்புறம், சார்ஜை உண்மையில் தின்பது எது? திரையின் வெளிச்சம். ஓயாத வீடியோ. ஹாட்ஸ்பாட். இருப்பிடம் காட்டும் ஜிபிஎஸ். தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள்ளே சிக்னல் மெலிந்து போகும்போது, டவரை எட்டிப்பிடிக்கப் போன் தன் முழு பலத்தையும் போட்டுக் கத்துகிறதே, அது. கூடவே, நம் ஊர் வெயில். ஐபோனுக்குச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது அதைச் செய்யும் நிறுவனம். சென்னை மே மாதத்தில் 40-ஐத் தாண்டுகிறது. பைக்கின் கைப்பிடியில் போனை மாட்டி, நடுப்பகலில் சென்னை–திருவள்ளூர் (சி.டி.எச்.) சாலையில் ஓட்டிக்கொண்டே சார்ஜும் போட்டால் லித்தியம் அயான் பேட்டரியின் ஆயுள் தேயும். ஆயிரம் செயலிகளை மூடினாலும் அந்தத் தேய்மானம் திரும்பி வராது.

அன்பர்களே, இதுவரை சொன்னது பாதிக் கதை. மீதிக் கதைதான் முக்கியம்.

பின்னணியில் ஓடுவதெல்லாம் கெட்டது என்று நினைத்தீர்களானால், வீட்டு வாசலில் உணவுப் பொட்டலத்தோடு நிற்கிற இளைஞனை நினைத்துப் பாருங்கள். அவன் போனில் நிறுவனத்தின் செயலி பின்னணியில் ஓடினால்தான் ஆர்டர் வரும். அவன் எங்கே நிற்கிறான் என்பது தெரியும். அன்றைய வருமானம் வரும். சில போன்களில் தயாரிப்பாளர்கள் சார்ஜ் நிற்க வேண்டும் என்பதற்காகப் பின்னணிச் செயலிகளை அளவுக்கு மீறி நிறுத்துகிறார்கள். அப்போது அவனுக்கு ஆர்டர் மணி அடிக்காது. நைட் ஷிப்ட் போகிறவருக்கு அவர் நம்பி வைத்த அலாரம் அடிக்காமல் போகும். வெளியூரில் இருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் அம்மாவின் போன் ஒலிக்காது. செட்டிங்ஸில் போய் ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்தாலும் இதே கதைதான். நீங்களாகத் திறக்கும் வரை அந்தச் செயலி செத்துக் கிடக்கும். அது வைத்த அலாரமும் போய்விடும். ஆகவே உழைக்க வேண்டிய செயலியை உழைக்க விடுங்கள். உங்கள் பிழைப்புக்கான செயலிக்கு பேட்டரி பகுதியில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று கொடுங்கள். அது வீண் செலவு அல்ல.

அப்படியானால் யாரைத் தடுக்க வேண்டும்? இதோ, அந்தப் பெரிய கேள்விக்கு வந்துவிட்டோம்.

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் 59 செயலிகளைத் தடை செய்தது. எல்லோருக்கும் நினைவிருப்பது டிக்டாக். அந்தப் பட்டியலை முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? அதில் கிளீன் மாஸ்டர் இருந்தது. டியூ பேட்டரி சேவர் இருந்தது. டியூ கிளீனர் இருந்தது. போனைச் சுத்தம் செய்கிறேன், சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லி நம் வீடுகளுக்குள் வந்தவை அவை. பயனாளர்களின் தகவல்கள் நாட்டுக்கு வெளியே போகின்றன என்ற புகார்களையும் நாட்டின் பாதுகாப்பையும் அரசு காரணமாகச் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில், விளம்பரத் தொல்லை தருவதாக கூகுள் சுமார் 600 செயலிகளைத் தன் கடையிலிருந்து நீக்கியபோது, கிளீன் மாஸ்டரைச் செய்த நிறுவனத்தின் செயலிகளும் அதில் இருந்தன. பின்னணியைக் காலி செய்கிறேன் என்று வந்தவரே பின்னணியில் உட்கார்ந்துகொண்டால், அவரை யார் காலி செய்வது?

அடுத்து, கடன் செயலிகள். ஐந்து நிமிடத்தில் ஐயாயிரம் ரூபாய். ஆவணம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். கேட்டது ஒரே ஒரு சம்மதம்: உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி. கொரோனா காலத்தில் வேலை இழந்தவர்கள் அந்தச் சம்மதத்தைத் தட்டினார்கள். தவணை தவறியதும் உறவினருக்கும் முதலாளிக்கும் அவமானச் செய்திகள் போயின. 2021 தொடக்கத்தில் சென்னைக் காவல்துறையின் மத்தியக் குற்றப்பிரிவு இத்தகைய செயலிகள் தொடர்பாகச் சீன நாட்டவர் இருவர் உள்ளிட்டோரைக் கைது செய்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது: கடன் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் கோப்புகளையும் அழைப்பு விவரங்களையும் தொடக் கூடாது. 2023 மே 31 முதல் கூகுளும் அதையே கட்டாயமாக்கியது. நன்றாக யோசியுங்கள். அந்தக் குடும்பங்களில் யாரேனும் செயலியை மேலே தள்ளி மூடியிருந்தால் தப்பித்திருப்பார்களா? மாட்டார்கள். எண்கள் எப்போதோ போய்விட்டன. காப்பாற்றியிருக்கக்கூடியது மூடுகிற விரல் அல்ல. ‘வேண்டாம்’ என்று தட்டியிருக்க வேண்டிய விரல்.

மூன்றாவது, இன்று நடப்பது. வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது. போக்குவரத்து அபராதம் என்று வரும். கல்யாணப் பத்திரிகை என்று வரும். மின்கட்டணம் பாக்கி என்று வரும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடியும். அது பத்திரிகையும் அல்ல, ரசீதும் அல்ல, ஒரு செயலி. அதைத் தட்டி நிறுவினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தீர்களா, பிறகு வங்கியிலிருந்து வருகிற ஓடிபி உங்கள் கண்ணில் படுவதற்கு முன் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும். திரையைப் பகிரச் சொல்லி ஏமாற்றுவது இன்னொரு வகை. எனிடெஸ்க் போன்ற செயலி வழியாக நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இவை எதுவும் சமீபத்தில் திறந்த செயலிகளின் வரிசையில் வந்து நின்று முகம் காட்ட வேண்டும் என்ற அவசியமே இல்லை. நீங்கள் அந்த வரிசையைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள்; அவை வேறிடத்தில் இருந்து வேலை பார்க்கும்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். மூடுவது நிர்வாகம் அல்ல. அனுமதிப்பதும் மறுப்பதும்தான் நிர்வாகம்.

அந்த நிர்வாகத்தை எப்படிச் செய்வது? சொல்கிறேன், மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பேட்டரிப் பக்கம். செட்டிங்ஸில் பேட்டரியைத் திறந்தால் எந்தச் செயலி எவ்வளவு சார்ஜ் எடுத்தது என்று போனே எழுதி வைத்திருக்கும். நீங்கள் தொடவே தொடாத ஒரு விளையாட்டு, ஒரு ஷாப்பிங் செயலி அங்கே மேல் வரிசையில் இருந்தால், அதன் பின்னணி ஓட்டத்தைக் கட்டுப்படுத்துங்கள். ஐபோனில் ‘பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்’ என்ற இடத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தலாம். ஊகத்தால் மூடாதீர்கள், கணக்கைப் பார்த்துக் கட்டுப்படுத்துங்கள்.

அடுத்து இருப்பிடம். ரயில் டிக்கெட் எடுக்கும் செயலிக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிய வேண்டியிருக்கலாம். சரி, டிக்கெட் எடுக்கும் நேரத்துக்கு மட்டும். டார்ச் செயலிக்கு எதற்கு? ராசிபலன் செயலிக்கு எதற்கு? ‘எப்போதும்’ என்று இருப்பதை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றுங்கள்.

பிறகு, பெரிய அதிகாரங்கள். அக்சஸிபிலிட்டி என்று ஒன்று உண்டு. பார்வையற்ற நம் சகோதரர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவதற்காக வந்த அருமையான வசதி. அதனாலேயே அது திரையில் உள்ளதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். அந்த அதிகாரம் உங்களுக்குத் தெரியாத செயலியிடம் இருந்தால் உடனே பறித்துவிடுங்கள். எஸ்எம்எஸ் அனுமதி, நோட்டிஃபிகேஷன் படிக்கும் அனுமதி, இவற்றையும் அப்படியே பாருங்கள்.

இன்னொன்று, நிறுவல் நீக்கம். மூன்று மாதமாகத் தொடாத செயலியை மேலே தள்ளாதீர்கள். போனை விட்டே அனுப்புங்கள். திறக்காமல் கிடக்கும் செயலியின் அனுமதிகளை 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் போனே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். அந்த வசதியை அணைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்புத் திரையைக் கீழே இழுத்தால் இப்போது எவை பின்னணியில் முனைப்பாக ஓடுகின்றன என்று அங்கேயே பட்டியல் தெரியும். நிறுத்தும் பொத்தானும் அருகிலேயே இருக்கும். மேலே தள்ளும் விரலைக் கொஞ்சம் கீழே இழுக்கப் பழக்குங்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தோன்றினால்? முதல் காரியம், இணையத்தைத் துண்டியுங்கள். இரண்டாவது, வேறு போனிலிருந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். நம் பகுதி 2022 ஜனவரி முதல் ஆவடிக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. அங்கே சைபர் குற்றப் பிரிவு இருக்கிறது. வெட்கப்பட்டுத் தாமதித்தால் பணம் கை மாறிக்கொண்டே போகும். வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவன்.

அன்பர்களே, இந்த அரங்கில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நம் ஊருக்கு இயந்திரம் புதிதல்ல. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இந்த மண்ணில் வளர்ந்தது. 1964-இல் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி செய்கிறார்கள். பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குப் போனால், உலகம் முழுதும் விற்கிற ஐபோனை நம் வீட்டுப் பெண்கள் பூட்டி அனுப்புகிறார்கள். எந்த மெஷின் கைக்கு வந்தாலும் அது எப்படி ஓடுகிறது, எங்கே தேய்கிறது, யார் கையில் அதன் சுவிட்ச் இருக்கிறது என்று கேட்டுப் பழகிய மக்கள் நாம். அந்தக் கேள்வியை நாம் வைத்திருக்கும் மெஷின்களிலேயே மிகச் சிறியதிடம் மட்டும் கேட்காமல் விடலாமா? அதில்தானே நம் பணம் இருக்கிறது. நம் குடும்பப் படம் இருக்கிறது. நாம் எங்கே போகிறோம் வருகிறோம் என்ற கணக்கு இருக்கிறது.

கேட்க வேண்டும். கேட்டால் மட்டும் போதாது, பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லித்தர வேண்டும். பேரன் தாத்தாவுக்குச் சொல்லித்தரட்டும். ஷிப்ட் மாறும் ஐந்து நிமிடத்தில் ஒருவர் மற்றவருக்குக் காட்டட்டும். தங்கை அண்ணனின் போனை வாங்கிப் பார்த்து, “இதுக்கு எதுக்குண்ணா உன் கான்டாக்ட்ஸ்?” என்று அதட்டட்டும்.

நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். வேலையை இங்கேயே தொடங்குவோம். எல்லோரும் கைபேசியை எடுங்கள். செட்டிங்ஸைத் திறந்து அனுமதிகள் பக்கத்துக்குப் போங்கள். ஆண்ட்ராய்டு போனில் அங்கே எஸ்எம்எஸ் என்று இருக்கும், அதைத் தட்டுங்கள். உங்கள் செய்திகளைப் படிக்க உரிமை பெற்றவர்களின் பெயர்கள் வரும். தெரிந்த பெயரை விட்டுவிடுங்கள். தெரியாத பெயர் ஏதாவது கண்ணில் பட்டால் கையைத் தூக்குங்கள். நான் கீழே இறங்கி வருகிறேன், சேர்ந்து பார்ப்போம்.